பிரசவ வார்டு சிஸ்டருக்கு என்ன வாங்கிப் போவது?

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் வீட்டு ஆண்கள் முதலில் ஓடுகிற இடம் ஸ்வீட் கடை. ஒரு கிலோ லட்டு, ஒரு கிலோ மைசூர்பாகு, பெட்டியைச் சுற்றி ரப்பர் பேண்ட். வார்டு வாசலில் எந்த சிஸ்டர் நிற்கிறாரோ அவர் கையில் ஒரு பெட்டியைத் திணித்துவிட்டுத் திரும்பினால் நன்றி சொன்ன கணக்கு முடிந்தது.

என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். "இன்னைக்கு மட்டும் நாலு பெட்டி லட்டு வந்துச்சு. எங்கள்ல பாதிப் பேருக்கு சுகர். யாராவது ஒரு பாக்கெட் காராசேவு கொடுத்தா அவங்களைக் கும்பிடலாம் போல இருக்கு" என்பார்.

நான் சாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூத்தவன் தனியார் மருத்துவமனையில் பிறந்தான், இளையவள் அரசு மருத்துவமனையில். ஏழாம் மாதத்தில் பிளவுஸைப் பிரித்துவிடச் சொல்லி வருகிற பெண்கள் கடையில் உட்கார்ந்து பேசும்போது இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும்: "அக்கா, சிஸ்டருக்கு ஏதாவது கொடுக்கணுமே, என்ன கொடுக்க?" மதினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், இரண்டு இடங்களிலும் நானே படுத்துக்கிடந்து பார்த்ததையும் சேர்த்து அவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன பொருள் என்பது அப்புறம். யாருக்கு, எப்போது என்பதை முதலில் யோசியுங்கள்.

பெயரைக் குறித்து வையுங்கள்

வலி நேரத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிஸ்டர், நீங்கள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அங்கே இருக்க மாட்டார். அவர் லேபர் வார்டு. பிரசவம் ஆனதும் உங்களைப் பி.என். வார்டுக்கு, அதாவது பிள்ளை பெற்றவர்கள் இருக்கும் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே வேறு ஆட்கள், அதுவும் காலை, மதியம், இரவு என ஷிப்டுக்கு ஷிப்ட் முகம் மாறும். சிசேரியன் என்றால் நடுவில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்கள் வேறு. அவர்களை மாஸ்க் போட்ட கண்களாகத்தான் பார்த்திருப்பீர்கள். குழந்தையை இன்குபேட்டரில் வைத்திருந்தால் அது தனி உலகம். கிளம்பும்போது எதிரில் இருப்பவரிடம் பெட்டியைக் கொடுத்தால், உண்மையில் பாடுபட்டவருக்கு அதில் ஒரு துண்டு கூடப் போய்ச் சேராது.

அதனால் துணைக்கு இருப்பவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பிள்ளை பெறுகிறவளுக்கு அந்த நேரத்தில் தன் பெயரே நினைவில் இருக்காது. கூட இருக்கும் அம்மாவோ சித்தியோ வீட்டுக்காரரோ போனில் குறித்துக்கொண்டே வர வேண்டும்: தேதி, ஷிப்ட், சிஸ்டர் பெயர், அவர் செய்தது என்ன. சட்டையில் பெயர் வில்லை இருக்கும், இல்லையென்றால் "உங்க பேர் என்ன சிஸ்டர்?" என்று கேட்டால் சொல்லப்போகிறார்கள். "கண்ணாடி போட்ட சிஸ்டர்", "கொஞ்சம் கறுப்பா, உயரமா இருப்பாங்களே" என்றெல்லாம் பிறகு வந்து அடையாளம் சொன்னால் மதினி மாதிரி ஆட்களுக்குச் சிரிப்புத்தான் வரும். கண்ணாடி போட்டவர்கள் அங்கே ஒரு டஜன்.

இந்தப் பட்டியலில் சிஸ்டர்கள் மட்டும் போதாது. ரத்தம் படிந்த துணியை அள்ளிய ஆயாம்மா, ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணன், நடுராத்திரி பாத்ரூமைக் கழுவிவிட்ட துப்புரவுப் பணியாளர் எல்லாரையும் சேருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நர்சிங் மாணவிகள் இருப்பார்கள். பி.பி. பார்ப்பது, முதுகைத் தேய்த்துவிடுவது என்று பாதி வேலை அந்தப் பிள்ளைகள் தலையில்தான். அவர்களுக்கு யாரும் எதுவும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தின்பண்டம்

எங்கள் பக்கம் இதற்குப் பஞ்சமே இல்லை. சாத்தூர் காராசேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, தூத்துக்குடி மக்ரூன், கொஞ்சம் தள்ளிப் போனால் திருநெல்வேலி அல்வா. பால்கோவா 2019-இலும் கடலை மிட்டாய் 2020-இலும் புவிசார் குறியீடு வாங்கியவை. ஆனால் வார்டுக்கு எது சரி என்பது ருசியை வைத்து முடிவாகிற விஷயம் இல்லை. அங்கே யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஒரு கையில் கேஸ் ஷீட், மறு காதில் பக்கத்து அறையின் அலறல். நின்றபடி, க்ளவுஸைக் கழற்றிக் கை கழுவிவிட்டு, அரை நிமிடத்தில் வாயில் போட்டுக்கொள்ளத் தக்கதாக இருக்க வேண்டும்.

பால்கோவாவுக்கு ஸ்பூன் வேண்டும், கோடையில் அதிக நாள் தாங்காது. அல்வாவை எடுத்தால் கையெல்லாம் நெய், மறுபடியும் போய்க் கழுவ வேண்டும். மக்ரூன் லேசாகத் தொட்டாலே நொறுங்கும், அதோடு அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு என்பதால் சிலர் தொட மாட்டார்கள். கடலை மிட்டாய் தனித்தனிக் காகிதத்தில் வருவதாக வாங்கினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. மேசை டிராயரில் கிடக்கும், பசிக்கும்போது ஒன்று, இரண்டு வாரம் ஆனாலும் கெடாது. முக்கியமாக, அதைப் பிரசவத்துக்கு முன்பே வாங்கி ஆஸ்பத்திரிப் பையிலேயே வைத்துவிடலாம். வலி எடுத்த பிறகு கடை தேடி அலைய வேண்டாம்.

காராசேவு, மிக்சர், ஓமப்பொடி வாங்கினால் கிலோ பையாக வாங்காதீர்கள். சின்னச் சின்னப் பாக்கெட்டாக, சீல் வைத்ததாக வாங்குங்கள். பெரிய பையைப் பிரித்து வைத்தால் எல்லாரும் அதற்குள் கை விட வேண்டும், பிரசவ வார்டில் அதை யாரும் விரும்புவதில்லை. வாழைப்பழம் நல்லது. ஆரஞ்சு உரிக்க நேரம் ஆகும். ஆப்பிளை வெட்டிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அப்புறம் முக்கியமான விஷயம். வாங்கியதை ஒரே பெட்டியாகக் கொடுக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் "காலை ஷிப்ட்", "மதிய ஷிப்ட்", "இரவு ஷிப்ட்" என்று எழுதிவிடுங்கள். ஆயாம்மாக்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் தனியாக ஒன்று. அது அவர்கள் கைக்கே போக வேண்டும், "சிஸ்டர் பிரிச்சுக் கொடுப்பாங்க" என்று விட்டுவிடாதீர்கள். எத்தனை பேருக்கு என்று தெரியவில்லையா? இன்சார்ஜ் சிஸ்டரிடம் நேராகக் கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இரவு ஷிப்ட்காரர்களுக்கு வாய்ப்பது எப்போதும் மிச்சம் மீதி. பகலில் வந்த ஸ்வீட்டின் காலிப் பெட்டியும் தூளும். அவர்களுக்காக மட்டும் ஏதாவது செய்தால் அந்த வார்டில் உங்களை மறக்க மாட்டார்கள். என் இளையவள் பிறந்தபோது என் அம்மா ராத்திரி பத்து மணி வாக்கில் பெரிய பிளாஸ்கில் சுக்குக் காப்பியும் பேக்கரி பன்னும் வாங்கி வரச் செய்தார். கூடவே காகிதக் கப். அந்தக் காகிதக் கப்பை எல்லாரும் மறப்பார்கள், அம்மா மறக்கவில்லை.

வீட்டில் சமைத்துக் கொண்டுபோவதைப் பற்றி எனக்கும் மதினிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பானைப் பிரியாணியோ சுண்டலோ கொண்டுபோனால் அதில்தான் அன்பு தெரியும் என்பது என் கட்சி. "முன்ன பின்ன தெரியாத வீட்டுச் சாப்பாட்ட டூட்டில சாப்பிட்டு வயித்தால போச்சுன்னா வார்டை யாரு பாக்குறது?" என்பது அவர் கட்சி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பழகிய ஊர், பழகிய சிஸ்டர் என்றால் மட்டும் செய்யுங்கள். காலத்தையும் பாருங்கள். தென் மாவட்டங்களில் கிறிஸ்தவ சிஸ்டர்கள் நிறைய. தவக்காலத்தில் பலர் இறைச்சியையும் இனிப்பையும் விட்டிருப்பார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைத்துக்கொண்டே டூட்டி பார்ப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு மாலையில் பேரீச்சம்பழம் கொடுத்தால் மனம் குளிரும். புரட்டாசியில் முட்டை சேர்த்த கேக் வேண்டாம்.

ரூபாய் நோட்டு

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், வார்டுச் சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டி எல்லாமே இலவசம். ஆனாலும் "ஆண் பிள்ளைன்னா இவ்வளவு, பொம்பளப் பிள்ளைன்னா இவ்வளவு" என்று குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே கை நீட்டுகிறவர்கள் சில இடங்களில் இருக்கிறார்கள். ஊரறிந்த கதை. அப்படிக் கேட்டுக் கொடுத்தால் அது நன்றி இல்லை, கட்டணம். உங்களுக்கு அடுத்து வருகிற கூலிக்காரப் பெண்ணிடமும் அதே தொகையைக் கேட்பார்கள். பெண் குழந்தைக்குக் கட்டணம் குறைவு என்பதில் இருக்கும் அசிங்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கேட்டால் என்ன செய்வது? குழந்தையைக் கையில் வாங்குங்கள், "ஆர்.எம்.ஓ.கிட்ட கேட்டுட்டுத் தாறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள் (ஆர்.எம்.ஓ. என்பவர் நிலைய மருத்துவ அலுவலர்). பெரும்பாலும் அதோடு சரி. தொடர்ந்தால் 104 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் போகலாம். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. கேட்காத சிஸ்டருக்கு நீங்களாக விரும்பி 500 ரூபாய் நீட்டினாலும் சங்கடம் அவருக்குத்தான். அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர் தலைக்கு மேல் தொங்குகின்றன, பார்ப்பவர் கண்ணுக்கு அவரும் அந்தக் கை நீட்டுகிற கூட்டத்தில் ஒருவராகத் தெரிவார். நல்ல சிஸ்டருக்கு அப்படி ஒரு பேர் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பற்றியும் ஒரு வார்த்தை. சத்துப் பெட்டகம் உட்பட மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவி, தாயும் பிள்ளையும் நன்றாகச் சாப்பிடுவதற்கு. அதைப் பதிந்து கொடுத்தவருக்குப் பங்கு என்று ஒன்று கிடையாது.

தனியார் மருத்துவமனையில் நிலைமை வேறு. சில இடங்களில் டிப்ஸ் கூடாது என்று போர்டே வைத்திருப்பார்கள், அங்கே அதை மதியுங்கள். போர்டு இல்லாத இடத்தில், பில் கட்டி முடித்துக் கிளம்பும் நேரத்தில் ஆயாம்மாவுக்கு ஒரு கவரில் வைத்துக் கொடுப்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம். சிஸ்டருக்குப் பணம் அங்கேயும் வேண்டாம். படித்துப் பட்டம் வாங்கி வந்தவர், கையில் நோட்டைத் திணித்தால் கூசிப்போவார்.

சீலை எடுத்துக் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். என் ஆச்சி காலத்தில் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குப் புதுச்சீலை, படி நெல், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்கள். அது அவருடைய கூலியும் மரியாதையும் சேர்ந்தது. சம்பளம் வாங்கும் சிஸ்டருக்கு, அதுவும் அரசு ஊழியருக்குச் சீலை எடுப்பது பெரிய அன்பளிப்பு, வாங்கவும் முடியாது மறுக்கவும் முடியாது. ஆச்சி மனது கேட்கவில்லை என்றால் குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்று சிஸ்டரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். லீவு கிடைத்தால் வருவார்.

கையில் கொடுக்கும் சிறு பொருள்கள்

தனியாக ஒருவருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், சின்னதாக, டூட்டியில் உபயோகப்படுவதாகப் பாருங்கள். அவர்கள் ஒரு நாளில் எத்தனை தடவை கை கழுவி ஸ்பிரிட் தடவுகிறார்கள் என்று எண்ணி மாளாது. மதினியின் விரல் நுனி பனிக்காலத்தில் வெடித்துக் கிடக்கும். அதனால் வாசனை அதிகம் இல்லாத ஹேண்ட் க்ரீம் ஒரு ட்யூப் கொடுத்தால் அது வீணாகாது. பேனாவும் அப்படித்தான். டாக்டர் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நீலம், கறுப்பு, சிவப்பு கலந்து ஒரு பாக்கெட் வாங்கி வார்டு மேசையில் வைத்தால் அன்றைக்கு எல்லார் முகத்திலும் சிரிப்பு. நல்ல பருத்திச் சாக்ஸ், கறுப்பு ஹேர்பின் அட்டை, சேஃப்டி பின் கொத்து, தண்ணீர் பாட்டில் எல்லாம் சரி.

பொக்கே வேண்டாம், வைக்க இடம் கிடையாது. மல்லிகைச் சரம் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் லேபர் ரூமிலும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பூ வைக்க விட மாட்டார்கள். செண்ட்டும் வேண்டாம், பிறந்த குழந்தைகள் இருக்கிற இடம். வளையல், மோதிரம், டூட்டியில் போட முடியாது. பால் பவுடர் டப்பாவோ ஃபீடிங் பாட்டிலோ வாங்கி "இல்லாதவங்களுக்குக் கொடுங்க" என்று வார்டில் வைக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவைக்கத் தவியாய்த் தவிக்கிறவர்களிடம் போய் அதை நீட்டினால் கோபம்தான் வரும்.

வார்டுக்கே பெரிதாக ஏதாவது செய்ய வசதி இருந்தால், சுவர்க் கடிகாரம், பிளாஸ்டிக் நாற்காலி, டேபிள் ஃபேன், சிஸ்டர் அறைக்கு ஒரு எலக்ட்ரிக் கெட்டில். ஆனால் அரசு மருத்துவமனையில் நேராகக் கொண்டுபோய் மாட்டக் கூடாது. கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ டீன் அலுவலகத்திலோ கேட்டு, நோயாளர் நலச் சங்கம் வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுக்கும் பொருள் மேல் "அன்பளிப்பு" என்று தாத்தா பெயர் முதல் பேரன் பெயர் வரை எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து எழுதினது போதும், கடிகாரத்தையாவது மணி தெரிய விடுங்கள்.

குட்டித் தொப்பிகள்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வார்டுக்கு நான் கொடுத்ததிலேயே மதினி மறுபடியும் கேட்டு வாங்கிப் போனது, பிறந்த குழந்தைகளுக்கான துணித் தொப்பிகள். பச்சைக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, சூடு அது வழியாக வேகமாக இறங்கிவிடும். எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். பிறந்ததும் துடைத்துத் தொப்பி போட்டு அம்மா நெஞ்சோடு ஒட்டிவைக்கிறார்களே, அதனால்தான். வசதி இல்லாத வீட்டிலிருந்து அவசரமாக வருகிறவர்கள் தொப்பி எல்லாம் கொண்டு வருவதில்லை, சிஸ்டர்கள் பஞ்சையும் துணியையும் சுற்றிச் சமாளிப்பார்கள்.

துணி, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து கிலோ கணக்கில் வருகிற கட் பீஸ் பனியன் துணிதான். வெள்ளை அல்லது வெளிர் நிறம். அழுத்தமான சாயம் வேண்டாம், வேர்வையில் இறங்கும். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 35 செ.மீ. இருக்கும். பனியன் துணி இழுத்துக் கொடுக்கும் என்பதால் தைத்து முடித்த சுற்றளவு 32 இருந்தால் போதும். எடை குறைந்த பிள்ளைகளுக்கென்று 28 அளவில் கொஞ்சம் தனியாகத் தையுங்கள், கடையில் கிடைக்காத அளவு அதுதான். துணி இழுபடும் திசை தலையைச் சுற்றி வர வேண்டும், மேலிருந்து கீழாக வரக் கூடாது. தையல் விளிம்பை வெளிப்பக்கம் வையுங்கள். உள்ளே வைத்தால் படுக்கும்போது நெற்றியில் தடம் விழும். கீழ் விளிம்பை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால் குழந்தை வளர வளர இறக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கட்டும் நாடா வேண்டாம், கழுத்தில் சுற்றும். பட்டன், மணி, குஞ்சம், லேஸ் எதுவும் வேண்டாம். தைத்த பிறகு வாசனை இல்லாத சோப்பில் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டுப் பத்துப் பத்தாக ஜிப் கவரில் போடுங்கள். கவர் மேல் அளவை எழுதுங்கள். தைக்கத் தெரியாதவர்கள் தெரு முனைத் தையல்காரரிடம் இந்த அளவைச் சொன்னால் ஒரு பகலில் முடித்துத் தருவார். தைப்பதற்கு முன்னால் வார்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தங்கள் துணியைத் தவிர வேறு எதையும் உள்ளே விட மாட்டார்கள். அப்படிச் சொன்னால் பி.என். வார்டுக்குக் கொடுங்கள்.

மிஞ்சிய சீட்டித் துணியில் பேனாவும் சின்னக் கத்திரிக்கோலும் வைக்கிற பை தைத்து நர்சிங் மாணவிகளுக்குக் கொடுத்தேன். பைக்குள் பேனா மை ஒழுகினாலும் வெள்ளைக் கோட்டில் படாமல் இருக்க உள்ளே ரெக்சின் வைத்தேன், அதைத்தான் பாராட்டினார்கள்.

கடிதம்

செலவே இல்லாதது இது. இதைத்தான் யாரும் செய்வதில்லை. மதினி இத்தனை வருட சர்வீஸில் வாங்கிய ஸ்வீட் பெட்டிக்குக் கணக்கில்லை. கடிதம் வந்தது ஒன்றிரண்டு, அவற்றை பீரோவில் சர்டிபிகேட் ஃபைலில் வைத்திருக்கிறார்.

சிஸ்டர் கையில் கொடுக்கும் வாழ்த்து அட்டை வேறு, நான் சொல்வது வேறு. மேலதிகாரிக்கு, சிஸ்டர் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கு. மற்ற அரசு மருத்துவமனை என்றால் கண்காணிப்பாளருக்கோ தலைமை மருத்துவ அலுவலருக்கோ. தனியார் என்றால் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டுக்கும் நிர்வாகத்துக்கும். ஒரு நகல் அந்த சிஸ்டருக்கு. எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்து ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் நர்சுகள் நிரந்தரம் கேட்டு வருடக் கணக்காகப் போராடி வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் கடிதம் யாரையும் நிரந்தரமாக்கிவிடாதுதான். ஆனால் அந்த அலுவலகத்துக்குப் புகார்க் கடிதங்கள் மட்டுமே வந்து குவியும். நடுவில் பெயரோடு ஒரு நல்ல வார்த்தை வந்தால் படிக்காமல் இருக்க மாட்டார்கள்.

"எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்" என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நடந்ததை எழுதுங்கள். பிரசவம் ஆனதும் கால் மணிக்கு ஒரு தரம் வந்து பி.பி. பார்த்து, வயிற்றை அமுக்கிக் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, ரத்தப்போக்கு எவ்வளவு என்று பார்த்தார்களே, உங்களுக்கு அது தூக்கத்தைக் கெடுத்த தொல்லையாகத் தெரிந்திருக்கும். தாயின் உயிரைக் காக்கும் வேலை அது. குழந்தை மார்பைப் பிடிக்கத் தெரியாமல் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டவர் யார்? அதையெல்லாம் எழுதலாம். இப்படி:

"மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கு, என் மனைவி இந்த மாதம் 9-ஆம் தேதி இரவு உங்கள் மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்தார். அன்றிரவு பணியில் இருந்த செவிலியர் …… அவர்கள் வலி கூடிய நேரம் முழுவதும் பக்கத்தில் நின்று, மூச்சை எப்படி விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மறுநாள் குழந்தை பால் குடிக்கத் திணறியபோது பி.என். வார்டுச் செவிலியர் …… அவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பழக்கினார். என் மனைவி முதல் முறை எழுந்து நடந்தபோது பிடித்துக்கொண்ட பணியாளர் …… அவர்கள், யாரும் கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். மூவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இக்கடிதத்தை அவர்களுடைய பணிக்கோப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே பெயர், வார்டு, கட்டில் எண், கையெழுத்து. அவ்வளவுதான். தபாலில் அனுப்பலாம், அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கலாம். மே 12 செவிலியர் தினம். அதை ஒட்டிப் போய்ச் சேர்ந்தால் விழாவில் வாசித்தாலும் வாசிப்பார்கள்.

சிஸ்டரோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள். பக்கத்துக் கட்டில் பெண்கள் பின்னால் தெரிகிறார்களா என்றும் பாருங்கள்.

லேபர் ரூமில் கத்தியவர்கள், வலியில் துடிக்கும்போது குத்திப் பேசியவர்கள் உண்டு. எனக்கும் ஓரிடத்தில் அது நடந்தது. அவர்களுக்கு ஸ்வீட் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. புகார் இருந்தால் அதைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். நன்றிக் கடிதத்தில் கலக்காதீர்கள், இரண்டுமே வலுவிழந்துவிடும்.

எப்போது போவது

ஷிப்ட் மாறும் நேரத்தில் போகவே கூடாது. ஒருவர் மற்றவரிடம் நோயாளி நோயாளியாக ஒப்படைத்துக்கொண்டிருப்பார், நடுவில் பெட்டியை நீட்டினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். டாக்டர் ரவுண்ட்ஸ் நடக்கும் காலை நேரமும் ஆகாது. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி வாக்கில் வார்டு சற்று மூச்சுவிடும். பிரசவத்துக்கு முன்னாலேயே பொருள் கொடுத்தால் அது கவனிப்புக்கு முன்பணம் போல ஆகிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்த பிறகு கொடுங்கள். தனியாரில் இன்சூரன்ஸ் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் அரை நாள் இதற்கு நல்ல நேரம்.

அன்று விட்டுப்போனால் பரவாயில்லை. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது, அரசு இடங்களில் பெரும்பாலும் புதன்கிழமை, குழந்தையை அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவீர்கள். வார்டுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழையாமல் வாசலில் நின்று ஆள் அனுப்புங்கள், சிஸ்டர்கள் ஓடி வருவார்கள். பெற்றெடுக்க உதவிய பிள்ளைகளை அவர்கள் மறுபடியும் பார்ப்பதே அபூர்வம்.

எல்லாரும் விட்டுவிடுகிற சிலரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர். மாதா மாதம் எடை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணைப் பதிந்து கொடுத்தவர். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க எத்தனை அலைச்சல் என்று வாங்கப் போனால் தெரியும். அவருக்கான கடிதம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்குப் போக வேண்டும். அடுத்து, 108 ஆம்புலன்ஸில் வந்திருந்தால், அந்த வண்டியின் மருத்துவ உதவியாளரும் பைலட் என்று சொல்லப்படும் ஓட்டுநரும். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிப் பிரசவம் பார்த்த கதைகள் எங்கள் நாற்கரச் சாலையில் ஏராளம். வண்டி எண்ணையும் தேதியையும் குறித்து வைத்திருந்தால், அது வழக்கமாக நிற்கும் இடத்தை மருத்துவமனை வாசலில் விசாரித்தாலே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கும் காராசேவு பிடிக்கும்.